முதல்ல கால் (ஆன்-கால் டூட்டி) ரோஸ்டரைக் கேட்ட சைக்காலஜிஸ்ட் – தென்னாப்பிரிக்கா, டர்பன், ரெசர்வாயர் ஹில்ஸ்

முதல்லயே சொல்லிடறேன், அந்த அம்மாவோட பேரையும் அட்ரஸையும் இங்க போட மாட்டேன், போட வேணாம்னு அவங்களே கேட்டுக்கிட்டாங்க. ரெசர்வாயர் ஹில்ஸ்ல மேட்டுல ஒரு வீடு, அதோட பக்கவாட்டுல தனி வாசல் வச்ச ஒரு ரூம், அதுலதான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டா பல வருஷமா பிராக்டிஸ் பண்றாங்க. நிஜமா தேவைப்படறவங்க எனக்குத் தனியா மெசேஜ் பண்ணுங்க, அவங்ககிட்ட கேட்டுட்டு நம்பர் தரேன். நாங்க போனது என் வீட்டுக்காரருக்காக. இதை முழுசா அவர்கிட்ட படிச்சுக் காமிச்சு, சரி போடுன்னு அவர் சொன்ன பிறகுதான் போடறேன்.

அவர் ஜெனரல் சர்ஜரி ரெஜிஸ்ட்ரார், மூணாவது வருஷம். ஊர்ல இருக்கறவங்களுக்கு சொல்லணும்னா நம்ம எம்.எஸ். படிக்கற பி.ஜி. மாதிரி, ஆனா இங்க காலேஜ் முடிச்ச உடனே சேர முடியாது, 2 வருஷம் இன்டர்ன், 1 வருஷம் கம்யூனிட்டி சர்வீஸ், அப்புறம் மெடிக்கல் ஆஃபீசரா சில வருஷம் உழைச்சு போஸ்ட் கிடைச்சாதான் ரெஜிஸ்ட்ரார். அதுக்குள்ள ஃபெல்லோஷிப் பரீட்சை எல்லாம் எழுதணும், எம்.மெட்.ங்கற பட்டத்துக்கு தீசிஸும் முடிக்கணும், தீசிஸ் இல்லாம ஸ்பெஷலிஸ்ட்டா ரிஜிஸ்டர் பண்ண மாட்டாங்க. இதுக்கு நடுவுல கால், அதாவது ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரில இருக்கற ஆன்-கால் டூட்டி. மாசக் கடைசி சம்பளம் போட்ட வெள்ளி, சனி நைட்டுன்னா கத்திக்குத்து, துப்பாக்கிச் சூடு, மினிபஸ் டாக்ஸி ஆக்சிடென்ட்னு விடியற வரைக்கும் வந்துக்கிட்டே இருக்கும், காலைல அந்த ட்ரெஸ்ஸோடவே ரவுண்ட்ஸ், அது முடிஞ்சு வீட்டுக்கு வரதுக்கு மதியம் ஆயிடும். இன்டர்ன் டாக்டர்களுக்காவது தொடர்ச்சியா 24 மணி நேரம், ஒப்படைக்க 2 மணி நேரம், மொத்தம் 26க்கு மேல வேணாம்னு இங்க டாக்டர்களுக்கு லைசென்ஸ் தர கவுன்சில் ஒரு எல்லை வச்சிருக்கு. ரெஜிஸ்ட்ராருக்கு யார் கணக்குப் பாக்கறா.

எங்க வீட்டு கிச்சன்ல மூணாவது டிராயர் கைப்பிடில எப்பவும் கறுப்பு சில்க் நூல் தொங்கிக்கிட்டு இருக்கும். முடிச்சு போட்டுப் பழகறது அவர் பழக்கம், போன் பேசறப்ப, டீ கொதிக்கறப்ப, ஒத்தைக் கையால, கண்ணை வேற எங்கயோ வச்சுக்கிட்டு. சடை மாதிரி முடிச்சு முடிச்சா நிக்கும், நான் வாரத்துக்கு ஒரு தடவை கத்தரிக்கோலால வெட்டி எடுப்பேன். போன ஆகஸ்ட்ல ஒருநாள் அந்தக் கைப்பிடியைத் துடைக்கறப்பதான் கவனிச்சேன், நூலே இல்ல. எத்தனை வாரமா இல்லன்னும் எனக்குத் தெரியல. அதை நெனச்சா இப்பவும் வயித்தைப் பிசையுது, ஏன்னா தூக்கம் இல்ல, சாப்பாடு பாதில நிக்குது, அத்தைகிட்ட எரிஞ்சு விழறார், இதெல்லாம் தெரிஞ்சுது, ஆனா இதெல்லாம் கால் டயர்டுன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன், சர்ஜன் வீட்டுல இது சகஜம்னு எல்லாரும்தான் சொல்றாங்களே.

என்ன நடந்துச்சுன்னா ஜூலைல ஒரு பேஷன்ட், குடலை வெட்டி ஒட்டவச்ச ஆபரேஷன், இவர்தான் பண்ணார், அஞ்சாவது நாள் தையல்ல கசிஞ்சுடுச்சு, மறுபடியும் தியேட்டர், ஐ.சி.யூ., பத்து நாள்ல போயிட்டார். கசிவுங்கறது நல்ல கைகாரங்களுக்கும் ஒரு பங்கு நடக்கற விஷயம்னு இவரே மத்தவங்களுக்கு சொல்லுவார். இறந்து போன பேஷன்ட்டுங்க கேஸை அலசற மார்ட்டாலிட்டி மீட்டிங்ல எழுந்து நின்னு அந்தக் கேஸைச் சொன்னப்ப, சீனியர் ஒருத்தர் எல்லார் முன்னாடியும் கேட்ட ஒரு கேள்வியை இவர் ராத்திரி தூக்கத்துல முனகி நான் கேட்டிருக்கேன். அந்தக் கேள்வியை இங்க எழுத மாட்டேன்.

இந்த அம்மாகிட்ட போறதுக்கு முன்னாடி ரெண்டு இடம் போய்ட்டு வந்தோம், அதையும் சொன்னாதான் இந்த ரிவ்யூவுக்கு அர்த்தம். ஒண்ணு வேலை செய்யற இடத்து மூலமா கிடைக்கற இலவச கவுன்சலிங் லைன். பட்டனை அழுத்து, ஒண்ணை அழுத்து, நாலை அழுத்து, ஸ்டாஃப் நம்பர் சொல்லு. ஸ்டாஃப் நம்பர்னு கேட்ட உடனே இவர் கட் பண்ணிட்டார். ரகசியம்னு அவங்க சொன்னாலும் நம்பர் கேட்டா யாருக்கு நம்பிக்கை வரும்? ரெண்டாவது ஒரு பிரைவேட் இடம், நல்ல பேர், நல்ல சோபா, ஆனா 24 மணி நேரத்துக்கு முன்னாடி கேன்சல் பண்ணலன்னா முழு ஃபீஸ். வயித்துல குண்டு பாஞ்ச ஒரு பையன் சாயந்திரம் 4 மணிக்கு வருவான்னு முந்தின நாள் 4 மணிக்கே எப்படி சொல்றது? மூணு அப்பாயின்ட்மென்ட் அப்படிப் போச்சு, மூணுக்கும் பணம் கட்டினோம், வராத அப்பாயின்ட்மென்ட்டுக்கு மெடிக்கல் எய்ட், அதான் நம்ம ஊர் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் மாதிரி, ஒரு சென்ட் தராது. பணம்கூடப் பரவால்ல, "பாத்தியா, எனக்கு இதுகூட ஒழுங்கா வர முடியல"ன்னு அதையும் தன் தப்பு லிஸ்ட்ல சேத்துக்கிட்டாரே, அதைத்தான் என்னால தாங்க முடியல.

சரி, இப்ப ரெசர்வாயர் ஹில்ஸ். முதல் போன்ல அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, என்ன பிரச்சனைன்னு இல்ல, "கால் ரோஸ்டர் இருக்கா, போட்டோ எடுத்து அனுப்புங்க". அவ்ளோதான், எனக்கு அழுகையே வந்துடுச்சு. மாசாமாசம் ரோஸ்டர் வந்த உடனே அனுப்பிடணும், அவங்க அதைப் பாத்துதான் தேதி போடறாங்க. தியேட்டர்ல மாட்டிக்கிட்டா "தியேட்டர்"னு ஒரு வார்த்தை மெசேஜ் வந்தா போதும், இவர் நர்ஸ்கிட்ட சொல்லி அனுப்பினாலும் சரி. அன்னைக்கு அந்த ஒரு மணி நேரத்துக்குப் பதிலா ராத்திரி 20 நிமிஷம் போன், அதுக்குக் கம்மி ஃபீஸ். எங்களுக்கு ஆறு மாசத்துல நாலு தடவை அப்படி ஆச்சு, ஒரு தடவைகூட முகம் சுளிக்கல.

இன்னொண்ணு, போஸ்ட்-கால், அதாவது கால் முடிஞ்சு வர அன்னைக்கு அப்பாயின்ட்மென்ட் தரவே மாட்டாங்க. நான்தான் கேட்டேன், அன்னைக்கு மதியம் ஃப்ரீயா இருக்காரே, கூட்டிட்டு வரட்டுமான்னு. "ராத்திரி முழுக்க தூங்காத ஆள் சொல்றதை வச்சு நான் எதையும் முடிவு பண்ண மாட்டேம்மா, அவர் கார் ஓட்டவே கூடாது, நீ போய்க் கூட்டிட்டு வந்து தூங்க வை, நாளைக்குப் பாக்கலாம்"னாங்க. அன்னையில இருந்து போஸ்ட்-கால் அன்னைக்கு நான்தான் போய் கூட்டிட்டு வரேன், முடியலன்னா கேப். இந்த நாட்டுல கால் முடிச்சு வீட்டுக்கு ஓட்டிட்டு வரப்ப ஸ்டியரிங்லயே தூங்கிப் போன டாக்டர் பிள்ளைங்க கதை எல்லாருக்கும் தெரியும், 2016ல வெஸ்டர்ன் கேப் மாகாணத்துல ஒரு இன்டர்ன் பொண்ணு இறந்தப்ப எவ்ளோ பேர் கொதிச்சாங்க, ஆனாலும் ஒரு ஆள் நம்ம வீட்டு ஆளைப் பாத்து நேரடியா சொன்னாதான் உறைக்குது.

முதல் நாள் ஒரு ஃபார்ம் குடுத்தாங்க, பி.எச்.க்யூ-9, ஒம்பது கேள்வி, போன ரெண்டு வாரத்துல எத்தனை நாள் இப்படி இருந்துச்சுன்னு 0ல இருந்து 3 வரைக்கும் போடணும், மொத்தம் 27. இவர் டாக்டர், மாணவனா இருந்தப்ப எத்தனை பேருக்கு இதையே போட்டுக் குடுத்திருப்பார். எட்டு கேள்விக்கு கடகடன்னு போட்டார். ஒம்பதாவது, செத்துப் போனா நல்லதுன்னு தோணுச்சான்னு கேக்கற கேள்வி, அங்க பேனா நின்னுச்சு. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். அந்த அம்மா ஒண்ணும் சொல்லல, ஜன்னலைத் தொறந்து விட்டாங்க, என்னைப் பாத்து "நீ கொஞ்சம் வெளிய மாமரத்தடில உக்காரும்மா"ன்னாங்க. உள்ள என்ன பேசினாங்கன்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. வெளிய வந்தப்ப கையில ஒரு பேப்பர், நைட்ல அந்த நெனப்பு வந்தா யாரை முதல்ல எழுப்பணும், அடுத்து எந்த நம்பர், எந்த எமர்ஜென்சிக்குப் போகணும், வீட்டுல இருக்கற மாத்திரை பெட்டி யார்கிட்ட இருக்கணும், எல்லாம் அவர் கையெழுத்துலயே எழுத வச்சிருந்தாங்க. முதல் பேர் என் பேர். அன்னைக்கே சைக்கியாட்ரிஸ்ட்டுக்குப் போன் போட்டு, மறுநாளே அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் குடுத்தாங்க.

இப்ப பில் விஷயம், இது நிறைய பேருக்குத் தெரியாது அதனால விரிவாவே எழுதறேன். இங்க மெடிக்கல் எய்ட் க்ளெய்ம் போகணும்னா என்ன நோய்னு காட்டற ஐ.சி.டி.-10 கோட் போட்டே ஆகணும். பர்ன்-அவுட்டுக்கு ஒரு கோட் இருக்கு, இசட் 73.0. டிப்ரெஷனுக்கு எஃப் 32. முந்தின இடத்துல, ரெஜிஸ்ட்ரார் ஆச்சே, பின்னாடி பேர் கெட்டுடக் கூடாதுன்னு நல்ல எண்ணத்துலதான் பர்ன்-அவுட் கோட் போட்டுக் குடுத்தாங்க, கேக்க நல்லா இருந்துச்சு, ஆனா அது மெடிக்கல் எய்டுக்குள்ளயே நம்ம காசுல இருக்கற சேமிப்புக் கணக்குல இருந்துதான் போச்சு. இந்த அம்மா உக்கார வச்சு விளக்கினாங்க. வேலை ஒரு ஆளைக் காலி பண்றதுதான் பர்ன்-அவுட், உலக சுகாதார நிறுவனம் 2019ல ஐ.சி.டி.-11ல அதை வேலை சார்ந்த நிலைன்னுதான் எழுதியிருக்கு, நோய்ன்னு எழுதல. மேஸ்லாக்னு ஒரு அம்மா 1981லயே அதை அளக்க கேள்வித்தாள் போட்டிருக்காங்க, அதுல மூணு விஷயம் பாக்கறாங்க, சக்தியே வத்திப் போறது, பேஷன்ட்டை மனுஷனா பாக்க முடியாம போறது, நான் எதுக்கும் லாயக்கில்லன்னு தோணறது. லீவு, ரோஸ்டர் மாத்தறது, மேல இருக்கறவங்க நடந்துக்கற விதம், இதெல்லாம் மாறினா அது குறையும். ஆனா லீவு போட்டு வீட்டுல உக்காந்தும், பிடிச்ச மீன் குழம்பை முன்னாடி வச்சும், ரெண்டு வாரத்துக்கு மேல எதுவுமே தொடலன்னா அது டிப்ரெஷன், அதுக்கு வைத்தியம் வேணும், அதை பர்ன்-அவுட்னு பூசி மொழுகினா வைத்தியம்தான் தள்ளிப் போகும்னாங்க. இவருக்கு ரெண்டும் இருந்துச்சு.

எஃப் 32 சரியா போட்டு விண்ணப்பம் குடுத்தா, பெரிய மனச்சோர்வுங்கறது எல்லா மெடிக்கல் எய்டும் கட்டாயம் குடுக்க வேண்டிய பி.எம்.பி. லிஸ்ட்ல வருது. வருஷத்துக்கு 3 வாரம் வரைக்கும் ஆஸ்பத்திரில வச்சுப் பாக்கறது, இல்லன்னா வெளி நோயாளியா 15 தடவை வரைக்கும் சைக்கோதெரபி. அந்த ஃபார்மை அவங்களே நிரப்பிக் குடுத்தாங்க, மெடிக்கல் எய்ட் முதல்ல திருப்பி அனுப்பினப்ப அவங்களே ஒரு லெட்டரும் எழுதினாங்க. மாத்திரைக்கு மட்டும் கைக்காசு கொஞ்சம் போச்சு, ஏன்னா மாத்திரைக்கு மெடிக்கல் எய்ட் கட்டாயம் பணம் குடுக்கற நாட்பட்ட நோய் லிஸ்ட் தனி, அதுல பைபோலார் இருக்கு, சாதா டிப்ரெஷன் இல்ல, ஏன் இல்லன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் கோவமா இருக்கு.

கவுன்சிலுக்குத் தெரிஞ்சா லைசென்ஸ் போயிடுமோங்கற பயம் இவருக்கு ரொம்ப இருந்துச்சு, இதனாலதான் நிறைய பேர் வெளிய சொல்லாம தாங்களே தூக்க மாத்திரை எழுதிப் போட்டுக்கறாங்க. வியாதியால வேலை செய்யற தகுதியே குறைஞ்சு பேஷன்ட்டுக்கு ஆபத்துங்கற நிலை வந்தாதான் அது கவுன்சிலுக்குப் போற விஷயம், வைத்தியம் எடுத்துக்கறதே குத்தம் கிடையாதுன்னு அந்த அம்மா ஒரு தடவைக்கு நாலு தடவை சொல்லிப் புரிய வச்சாங்க.

மாத்திரை அவங்க எழுத முடியாது, இங்க சைக்காலஜிஸ்ட்டுக்கு அந்த அதிகாரம் இல்ல. சைக்கியாட்ரிஸ்ட் எஸ்சிட்டலோப்ராம் குடுத்தார், 5 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு 10. என் வீட்டுக்காரர் அவர்கிட்ட கேட்ட ஒரே கேள்வி, "கை நடுங்குமா?" சிலருக்கு லேசா நடுங்கும், பெரும்பாலும் போயிடும், பாத்துக்கலாம்னு சொன்னார். மறுநாள் காலைல கிச்சன்ல சத்தம், போய்ப் பாத்தா டிராயர் முன்னாடி நின்னு நூல் கட்டிக்கிட்டு இருக்கார். பழகறதுக்காக இல்ல, கை நடுங்குதான்னு பாக்கறதுக்காக. தினம் காலைல பத்து முடிச்சு. நானும் டீயோட நின்னு பாப்பேன். முதல் மூணு வாரம் ஒண்ணும் மாறல, கையும் நடுங்கல மனசும் தெளியல, அந்த மூணு வாரம்தான் ரொம்பக் கஷ்டம், மாத்திரை வேலை செய்ய அவ்ளோ நாள் ஆகும்னு முன்னாடியே சொல்லி வச்சதாலதான் நிறுத்தாம இருந்தோம்.

ஜூலை ஆபரேஷனைப் பத்தி அவங்க பேசின விதம் வேற. மறந்துடு, உன் தப்பில்லன்னு நாங்க எல்லாரும் சொன்னதை அவங்க சொல்லவே இல்லயாம். முதல்ல வெட்டினதுல இருந்து கடைசித் தையல் வரைக்கும், வரிசையா, எனக்கு சொல்லிக் குடுக்கற மாதிரி சொல்லுங்கன்னு கேட்டு, ஒவ்வொரு இடத்துலயும் நிறுத்தி, அந்த நிமிஷத்துல உங்களுக்கு என்ன தெரிஞ்சிருந்துச்சு, அது மட்டும் தெரிஞ்ச இன்னொரு ஆள் என்ன பண்ணியிருப்பார்னு கேட்டிருக்காங்க. மூணு சிட்டிங் அதுக்கே போச்சு. ஒரு இடத்துல, ஆமா இதை இப்ப வேற மாதிரி பண்ணுவேன்னு இவரே சொல்லியிருக்கார், அதையும் அவங்க மறுக்கல. அன்னைக்கு ராத்திரிதான் எனக்குத் தெரிஞ்சு ரெண்டு மாசத்துல முதல் தடவையா ஆறு மணி நேரம் தூங்கினார்.

அத்தையைப் பத்தி சொல்லணும். கோவில்பட்டிக்காரங்க, மாமா கணக்கு வாத்தியாரா இந்த நாட்டுக்கு வந்து இங்கயே இருந்துட்டாங்க, மாமா இப்ப இல்ல. பிள்ளைக்குக் கண்ணு பட்டுடுச்சுன்னு மிளகாய், உப்பு சுத்திப் போட்டாங்க, இசிப்பிங்கோ மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டாங்க, மாத்திரைன்னா மட்டும் பைத்தியத்துக்குக் குடுக்கறதுன்னு ஒரே பிடிவாதம். ஒரு சிட்டிங்குக்கு அத்தையையும் வரச் சொன்னாங்க. சைக்காலஜிஸ்ட் அம்மா கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம், 1860ல நம்ம ஆளுங்களை முதல் முதலா ஏத்திட்டு ட்ரூரோ கப்பல் வந்துச்சே அதுக்குப் பின்னாடி வந்த கப்பல் ஒண்ணுல அவங்க கொள்ளுப்பாட்டி. அவங்க தமிழ் தட்டுத் தடுமாறிதான் வரும், பாதி இங்கிலீஷ். ஆனா அந்தத் தமிழ்ல, "ஆத்தாளுக்கு வேண்டுறது வேண்டு தாயி, காய்ச்சலுக்கு வேண்டிக்கிட்டும் மாத்திரை குடுத்தீங்கல்ல, இதுவும் அப்படித்தான்"னு கையைப் பிடிச்சு சொன்னாங்க பாருங்க, அத்தை அன்னையில இருந்து காலை டிபனோட மாத்திரையை அவங்களே எடுத்து வைக்கறாங்க.

குறையும் சொல்றேன். பார்க்கிங் ரொம்ப மோசம், செங்குத்து ஏத்தம், ரெண்டு கார்தான் நிக்கும், மழைல ரிவர்ஸ் எடுக்க பயமா இருக்கும். ரூம்ல ஒரு சத்தம் கேக்கும், பக்கத்து வீட்டு நாய், போன்ல பேசற நாள்ல அதுவும் வரும். ஒரு மணி நேரத்துக்கு 1,150 ரேண்ட், பி.எம்.பி. ஒப்புதல் வரதுக்கு முன்னாடி கையில இருந்து கட்டித் திரும்ப வாங்கணும், ரெஜிஸ்ட்ரார் சம்பளத்துல வீட்டு லோன், பரீட்சை ஃபீஸ் எல்லாம் கட்டறவங்களுக்கு அது சின்னத் தொகை இல்ல. மெசேஜுக்குப் பதில் லேட்டா வரும், சாயந்திரம் 7க்கு மேலதான் பாப்பாங்க. அவசரம்னா அவங்களை நம்பி உக்காரக் கூடாது, அதை அவங்களே முதல் நாளே சொல்லிடுவாங்க. பணம் கட்ட முடியாதவங்களுக்கு, 1994ல இருந்து இருக்கற சாடாக், இந்த நாட்டு டிப்ரெஷன் அமைப்பு, இலவச போன் லைன் நடத்தறாங்க. 2020ல கோவிட் நேரத்துல ஹெல்த்கேர் வொர்க்கர்ஸ் கேர் நெட்வொர்க்னு டாக்டர், நர்ஸ் எல்லாருக்குமா ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அதுலயும் இலவசமா தெரபிஸ்ட்டைக் கை காட்டுவாங்க. எங்களுக்கு அப்ப இது தெரியாது, தெரிஞ்சிருந்தா ஆகஸ்ட்லயே கூப்பிட்டிருப்பேன்.

ஒரு மனுஷனை ரூமுக்குள்ள வச்சு சரி பண்ணி அதே ரோஸ்டருக்குத் திருப்பி அனுப்பறது எவ்ளோ நாள் தாங்கும்ங்கற கேள்வி எனக்கு இருக்கு, அதை அவங்ககிட்டயே கேட்டேன். நியாயமான கேள்விதான், ஆஸ்பத்திரியை என்னால மாத்த முடியாதும்மான்னு ஒத்துக்கிட்டாங்க. ஆனா இவர் ஹெட்கிட்ட போய்ப் பேசறதுக்கு என்ன கேக்கணும், எதை எழுத்துல குடுக்கணும்னு தயார் பண்ணிக் குடுத்தாங்க, ரெண்டு மாசம் கால் குறைச்சுக் குடுத்தாங்க, தீசிஸ் தேதியும் தள்ளிப் போச்சு. கூட இருக்கற ரெண்டு ரெஜிஸ்ட்ரார் அப்புறம் இவர்கிட்ட தனியா வந்து, எங்க போன, யார்கிட்ட போனன்னு கேட்டிருக்காங்க. 2015ல ஜாமாங்கற மருத்துவப் பத்திரிகைல வந்த ஆய்வு 54 ஆய்வுகளைச் சேத்துப் பாத்து, பயிற்சில இருக்கற டாக்டர்கள்ல 28.8 சதவீதம் பேருக்கு டிப்ரெஷனோ அதோட அறிகுறியோ இருக்குன்னு சொல்லுது. அவர் யூனிட்ல ஏழு ரெஜிஸ்ட்ரார், வந்து கேட்டது ரெண்டு, இவரோட மூணு.

என் மார்க் 5க்கு 4½, அந்த அரை பார்க்கிங்குக்கும் பில்லுக்கும். போறவங்க ரோஸ்டர் போட்டோ, மெடிக்கல் எய்ட் கார்டு, சாப்பிடற மாத்திரை லிஸ்ட் எடுத்துட்டுப் போங்க, முதல் தடவை கூட ஒருத்தர் போறது நல்லது. டிசம்பர் 16ல இருந்து ஜனவரி முதல் வாரம் முடியற வரைக்கும் மூடிடுவாங்க, ஜனவரில புது ரொட்டேஷன் ஆரம்பிக்கறதால அப்ப இடம் கிடைக்கறது கஷ்டம், அதனால வேணும்னு தோணினா நவம்பர்லயே போன் பண்ணிடுங்க.